போர்ட்டிகோவில் ஒரு ரேஸ் கார்!



போன வாரம் சிம்போசியம் சாப்பாடு பற்றி எழுதியதிலிருந்து கிளாஸில் என்னை 'பிரியாணி ரிப்போர்ட்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பரவாயில்லை, பழகிவிட்டது. இந்த வாரம் சாப்பாடு கிடையாது. கிரீஸ், இரும்புத் தூள், பெட்ரோல் வாசனை, அப்புறம் கொஞ்சூண்டு கண்ணீர்.

உங்க காலேஜிலும் ஒரு கோஷ்டி இருக்கும். எப்பவும் நகத்துக்குள் கறுப்பு இருக்கும். சட்டையில் ஓட்டை இருக்கும், கேட்டால் 'வெல்டிங் பொறி மச்சி' என்பார்கள். கேன்டீனில் டிஷ்யூ பேப்பரில் கார் படம் போடுவார்கள். அட்டெண்டன்ஸ் எழுபத்தைந்தைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கும். இவங்கதான் ரேஸ் கார் கட்டுகிறவர்கள்! பொம்மைக் கார் இல்லைங்க. உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து, ஹெல்மெட் மாட்டி ஓட்டுகிற நிஜக் கார்.

விஷயம் என்னன்னா, கல்லூரி மாணவர்கள் தாங்களே டிசைன் செய்து, தாங்களே கட்டி, தாங்களே ஓட்டுகிற போட்டி ஒன்று உலகம் முழுக்க நடக்கிறது. 1981ல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. நம்ம ஊர் வடிவம் 'ஃபார்முலா பாரத்'. நடக்கிற இடம் எங்க கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே. நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அதனால் எங்க ஊர்ப் பசங்களுக்கு ஆசை கொஞ்சம் ஓவராகவே இருக்கும்.

அந்த ஆசையில் ஒரு டீம், காலேஜ் ஒர்க்‌ஷாப் சாயங்காலம் நாலரைக்குப் பூட்டப்படுகிறது என்பதால், காரை ஒருத்தன் வீட்டுப் போர்ட்டிகோவுக்கு நகர்த்தியது. அந்த ஒருத்தன்தான் கேப்டன். ஃபைனல் இயர். இந்த வருஷத்தை விட்டால் அவனுக்கு அடுத்த வருஷம் கிடையாது. நான் டீமில் இல்லை. பவர் கட் ஆகும்போது டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனேன். அப்படியே நோட்டும் பேனாவுமாக அங்கேயே நாலு மாசம் செட்டில் ஆகிவிட்டேன்.

அந்த நாலு மாசத்தில் நான் பார்த்தது ஒரு கார் உருவாவதை இல்லை பாஸ். பிரச்னைகள் வரிசையாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, 'உள்ள வரலாமா?' என்று கேட்பதைத்தான்!

முதல் பல்பு: தரை

சேஸிஸ் என்பது காரின் எலும்புக்கூடு. இரும்புக் குழாய்களை வெட்டி, வெல்டிங் செய்து கட்டுவார்கள். தலைக்கு மேல் வரும் வளையக் குழாய் சுமார் 25 மி.மீ. விட்டமாவது இருக்க வேண்டும், கார் கவிழ்ந்தால் ஓட்டுகிறவன் கழுத்தைக் காப்பாற்றப்போவது அதுதான்.

வெளியே ஒரு பட்டறையில் வெல்டிங் முடிந்து ஐப்பசி மழையோடு மழையாகச் சேஸிஸ் வீட்டுக்கு வந்தது. ஆரத்தி எடுக்காத குறை. தரையில் வைத்து டேப் பிடித்து அளந்தார்கள். ஒரு மூலை 9 மி.மீ. தூக்கிக்கொண்டு நின்றது. மறுபடி அளந்தார்கள். இப்போது 12. காரைக் கொஞ்சம் தள்ளி வைத்து அளந்தார்கள். 5. எல்லோரும் 'ஙே' என்று முழித்தார்கள்.

கேப்டனின் அப்பா கட்டட மேஸ்திரி. வேலை முடிந்து வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டே கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"ஏங்கண்ணு, இந்தத் தரையில வெச்சா அளவெடுக்கறீங்க?"

"ஆமாங்ப்பா."

"இது மழைத்தண்ணி வெளிய ஓடோணும்னு வாட்டம் வெச்சுப் போட்ட தரை கண்ணு. நாந்தான் போட்டேன். இதுல வெச்சு அளந்தா எதுதான் நேரா இருக்கும்?"

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் கார் வரைந்தவர்கள், அந்தக் கார் நிற்கப்போகும் தரையை வரையவில்லை. கம்ப்யூட்டருக்குள் தரை எப்பவும் மட்டமாகத்தானே இருக்கும்!

அப்பா உள்ளே போய் டியூபை எடுத்து வந்தார். நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் இல்லையா? கட்டட வேலையில் மட்டம் பார்ப்பது அப்படித்தான். அதை வைத்து நாலு மூலைக்கும் மட்டம் குறித்தார். டைல்ஸ் துண்டுகளை அடுக்கி நாலு ஸ்டாண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தார். சேஸிஸை ஏற்றி வைத்து, தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, நைலான் நூலைக் குறுக்கும் நெடுக்கும் கட்டினார்.

இப்போது உண்மை தெரிந்தது. தரையின் வாட்டத்தைக் கழித்த பிறகும் சேஸிஸ் 7 மி.மீ. முறுக்கிக்கொண்டிருந்தது.

காரணம் ரொம்ப சிம்பிள். வெல்டிங் சூட்டில் இரும்பு விரியும், ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது குழாயைத் தன் பக்கமாக இழுக்கும். அதனால்தான் முதலில் எல்லா மூட்டிலும் பொட்டுப் பொட்டாக டேக் வைத்துப் பிடித்துக்கொண்டு, பிறகு இடம் வலம், முன் பின் என்று மாற்றி மாற்றி வெல்டிங் செய்ய வேண்டும். அங்கே அவசரத்தில் ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு மறு பக்கம் போயிருந்தார்கள்.

7 மி.மீ.தானே, என்ன குடி முழுகிப்போச்சு என்று நீங்கள் கேட்கலாம். டீமிலும் பாதிப் பேர் அதைத்தான் கேட்டார்கள். 'பிராக்கெட்டுக்கு அடியில பட்டி வெச்சு உசத்திடலாம் மச்சி.' ஆனால் சஸ்பென்ஷன் கைகள் எல்லாம் இந்தச் சேஸிஸில்தான் மாட்டும். இங்கே கோணல் என்றால், ஒரு சக்கரம் உள்ளே பார்க்கும், ஒரு சக்கரம் வெளியே பார்க்கும். நாலு சக்கரத்தில் விழ வேண்டிய எடை சரியாகப் பங்கு பிரியாது. இடது வளைவில் ஒழுங்காகத் திரும்புகிற கார், வலது வளைவில் 'எனக்கு இஷ்டமில்லை' என்று சொல்லும்.

அப்பா அதிகம் பேசவில்லை.

"வாசக்கால் கோணையா நிக்கறப்ப கதவை இழைச்சு என்ன பண்றது கண்ணு? இன்னைக்குச் சாத்தும். மழை வந்தா சாத்தாது."

கேப்டன் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் கிரைண்டரை எடுத்து எட்டு மூட்டுகளை அவனே அறுத்தான். மறுபடி கட்டி முடிக்கப் பதினோரு நாள் போச்சு.

இந்தப் பதினோரு நாளைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க நான் சுற்றிச் சுற்றி வரப்போகிறேன். காரணம் கடைசியில் சொல்கிறேன்.

கணக்கில் அரியர் வைத்த கார்க்காரர்!

'நமக்கு மட்டும் ஏன்டா இப்படி?' என்று போர்ட்டிகோ படியில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தபோது, லைப்ரரியில் தேடிய கதை ஒன்றைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

லண்டனில் காலின் சாப்மேன் என்று ஒரு இன்ஜினீயரிங் மாணவர். படிப்பு பாதி, பழைய கார் வாங்கி விற்பது மீதி. 1947 கடைசியில் இங்கிலாந்து அரசாங்கம் சொந்தக் காருக்கான பெட்ரோல் ரேஷனை நிறுத்திவிட்டது. பெட்ரோலே இல்லை என்றால் காரை யார் வாங்குவார்? தலைவர் கையில் இருந்த கார்களை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டார். ஒரே ஒரு பழைய ஆஸ்டின் செவன் மட்டும் விலை போகவில்லை. விற்காமல் மிஞ்சிய அந்த ஓட்டை வண்டியைக் காதலி வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜில் போட்டுப் பிரித்தார். பாடியை பிளைவுட்டில் கட்டினார். விமானத்தில் செய்வது மாதிரி, மேல் தகடே பாரம் தாங்கும்படி டிசைன். 1948ல் வெளியே வந்த அந்த வண்டிதான் முதல் லோட்டஸ். அதே லோட்டஸ் 1963லிருந்து 1978க்குள் ஃபார்முலா ஒன் அணிகளுக்கான உலகப் பட்டத்தை ஏழு முறை தட்டிக்கொண்டு போனது!

இன்னொரு முக்கியமான தகவல். சாப்மேன் கடைசி வருஷம் கணக்குப் பேப்பரில் ஃபெயில். திரும்ப எழுதி, ஒரு வருஷம் லேட்டாக 1949ல்தான் டிகிரி வாங்கினார். (அரியர் வைத்திருக்கும் அன்பர்கள் இதை வெட்டி வீட்டில் ஒட்டிக்கொள்ளலாம். அம்மா கிழித்தால் பொறுப்பு நான் அல்ல!)

அதே ஊரில் சார்லஸ் கூப்பர், ஜான் கூப்பர் என்று ஒரு அப்பாவும் பிள்ளையும். 1946, போர் முடிந்த சமயம், இரும்புக்கே தட்டுப்பாடு. அடிபட்ட ஃபியட் டோபோலினோ கார்களின் முன்பாதி இரண்டை எடுத்து, முதுகோடு முதுகாக ஒட்டி ஒரு ரேஸ் கார் செய்தார்கள். என்ஜின் 500 சிசி மோட்டார் சைக்கிள் என்ஜின். அது செயினில் ஓடுவதால் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் வைப்பதுதான் வசதி, வைத்தார்கள். அவ்வளவுதான் காரணம். அந்தப் பின்பக்க என்ஜின் கார்களின் வாரிசில்தான் ஜாக் பிரபாம் 1959, 1960 இரண்டு வருஷமும் உலக சாம்பியன் ஆனார். சில வருஷங்களில் மொத்த ஃபார்முலா ஒன்னும் என்ஜினைப் பின்னால் தள்ளிவிட்டது.

நம்ம ஊருக்கு வருவோம். கோவைக்காரர் கரிவர்தன். வெளிநாட்டு ரேஸ் காரை இறக்குமதி செய்ய யாரிடமும் காசில்லாத காலத்தில், நம்ம வீட்டு மாருதி 800 என்ஜினை எடுத்து 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். அந்த வகைக் காரில் ஓட்டிப் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிபாளையம் டிராக்கின் பெயரில் இருக்கும் 'காரி' அவர்தான்.

'அப்ப இல்லாததுதான் எல்லாருக்கும் டிசைன் பண்ணிக் குடுத்திருக்கு' என்றான் கேப்டன். சொல்லிவிட்டு எழுந்து கிரைண்டர் பக்கம் போனான். நான் டார்ச் பக்கம் போனேன்.

விழுந்து கிடக்காத வண்டி

அடுத்து என்ஜின். போட்டி விதிப்படி 710 சிசி வரை வைத்துக்கொள்ளலாம். நம்ம ஊர் டீம்கள் பலரும் எடுப்பது 373 சிசி பைக் என்ஜின். எடை குறைவு, ஸ்பேர் கிடைக்கும். ஆனால் விதியில் ஒரு ஆப்பு உண்டு. பெட்ரோல் என்ஜினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துவாரம் வழியாகத்தான் போக வேண்டும். கிட்டத்தட்ட நம்ம இரண்டு ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன ஓட்டை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டப் பந்தயம் ஓடுகிற மாதிரி!

என்ஜினை மாட்டியாச்சு. வயரிங் முடிஞ்சாச்சு. எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. பட்டனை அமுக்கினார்கள். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. பெட்ரோலை மாற்றினார்கள். பிளக்கை மாற்றினார்கள். பேட்டரியை மாற்றினார்கள். ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். பக்கத்து வீட்டுப் பாட்டி காம்பவுண்டுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ற பேரன் வண்டி தள்ளி விட்டா ஸ்டார்ட் ஆகுமுங்" என்று ஐடியா கொடுத்தார்.

விடை கண்டுபிடித்தது செகண்ட் இயர் படிக்கும் ஒரு பெண். மற்றவர்கள் எதையாவது கழற்றிக்கொண்டிருந்தபோது, அவள் வயரிங் படத்தைப் பிரின்ட் எடுத்து, பென்சிலால் ஒவ்வொரு வயரையும் தடவிக்கொண்டே போனாள். ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியில் வந்து நின்றாள். பைக் கீழே விழுந்தால் என்ஜினைத் தானாக அணைக்கிற சென்ஸார் அது. பைக்கில் அது நிமிர்ந்து நிற்க வேண்டும். காரில் இடம் இல்லை என்று அதைப் படுக்கவைத்துக் கட்டியிருந்தார்கள். பாவம், அது நாலு நாளாக 'ஐயோ, வண்டி விழுந்து கிடக்கு' என்று நினைத்து, தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது!

நிமிர்த்திக் கட்டினாள். ஒரே அமுக்கு. மொத்தத் தெருவும் வெளியே வந்தது.

இங்கே ஒரு சீரியஸான பாயின்ட். நாலு நாளும் எல்லோரும் மாற்றிக்கொண்டிருந்தது மாற்றுவதற்கு ஈஸியான பொருட்களை. அவள் மட்டும்தான் 'எது என்ஜினை வேண்டாம்னு சொல்லுது?' என்று கேட்டாள். கழற்றுவதற்கு முன்னால் கேள்வி கேட்கிறவர்கள் உங்க டீமில் ஒருத்தராவது வேண்டும். அவருக்கு நல்ல சேர் போட்டு உட்காரவையுங்கள், டீ வாங்க அனுப்பாதீர்கள்.

மிதி... பிடி... விடு!

ஓடுகிற காரை விட நிற்கிற கார்தான் கஷ்டம் என்று எனக்குத் தெரிந்தது பிரேக் வேலையின்போதுதான்.

பெடலை மிதித்தால் பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கியது. பிரேக் ஆயில் அமுங்காது, ஆனால் அதற்குள் ஒரு குமிழி காற்று இருந்தால் அது அமுங்கும். உங்கள் கால் பலம் எல்லாம் காற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். காற்றை வெளியேற்ற ஒருத்தர் பெடலில் உட்கார வேண்டும், இன்னொருத்தர் சக்கரத்தில் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். 'மிதி... பிடி... விடு!' மூன்று நாள் ராத்திரி அந்த வீட்டில் கேட்டது இந்த மந்திரம்தான். குமிழி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால், மூட்டில் போடும் செம்பு வாஷர். ஒரு தடவை இறுக்கினால் நசுங்கி உட்கார்ந்துவிடும், அப்புறம் புதுசுதான் போட வேண்டும். சில ரூபாய் சாமான். போனஸாக, சொட்டிய பிரேக் ஆயில் புதுசாக அடித்த பெயின்ட்டைச் சாப்பிட்டுவிட்டது. ஆமாங்க, டாட் 4 ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். பளபள சிவப்புக் காருக்குப் பக்கவாட்டில் இந்தியா மேப் மாதிரி ஒரு தழும்பு.

அப்பா வேலை பார்த்த ஒரு குடோன் வளாகத்தில் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தார்கள். போட்டியில் பிரேக் டெஸ்ட் என்று ஒன்று உண்டு, வேகமாக வந்து மிதித்தால் நாலு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும். மூன்று இல்லை, நாலு. இவர்கள் கார் மிதித்ததும் பின் சக்கரம் இரண்டும் பூட்டியது. முன் சக்கரம் இரண்டும் 'நாங்க வரலை' என்று உருண்டுகொண்டே இருந்தன. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாயும். அதனால் முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கும், அதைப் பூட்ட அதிக விசை வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பங்கிடும் பேலன்ஸ் பாரைத் திருகித் திருகி, எட்டாவது ஓட்டத்தில் நாலு கறுப்புக் கோடுகள் தரையில் விழுந்தன. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று அத்தனை பேரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கார் போட்டோவில் இல்லை!

ஸ்பேர் கிடைக்காத பார்ட்

இதுவரை சொன்னதெல்லாம் உக்கடம் பழைய இரும்புக் கடைகளிலோ, கணபதி லேத் பட்டறைகளிலோ அலைந்தால் தீர்கிற பிரச்னை. தீராதது ஒன்று உண்டு. ஆட்கள்.

ஆரம்பத்தில் பதினாலு பேர். போர்ட்டிகோவில் செருப்பு வைக்க இடம் இருக்காது. ஒருத்தனுக்குப் பிளேஸ்மென்ட் டிரெயினிங். ஒருத்திக்கு, 'பொம்பளைப் புள்ள ஒன்பது மணி வரைக்கும் அங்க என்ன?' என்று வீட்டில் கேள்வி. ஒருத்தன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போய்விட்டான். இன்டர்னல்ஸ் வந்தது, லேப் வந்தது. சேஸிஸை அறுத்த வாரம் மட்டும் மூன்று பேர் காணாமல் போனார்கள். நான் எண்ணிப் பார்த்த கடைசி நாள் செருப்பு ஆறு ஜோடி.

யாரையும் குறை சொல்ல முடியாது. காருக்காக எதையெல்லாம் ஒதுக்கிவைக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். காரணம், கேப்டன் யாரையும் 'ஓடிப்போனவன்' என்று சொல்லவில்லை. அவரவர் எழுதிவைத்த அளவு, வாங்கிய பில், பாதியில் விட்ட வேலை எல்லாம் ஒரே நோட்டில் இருந்தது. வந்தவர்கள் விட்ட பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். ஆள் போகலாம், ஆள் வைத்திருந்த அளவு போகக் கூடாது. எந்த பிராஜெக்ட்டுக்கும் இது பொருந்தும், எழுதி வெச்சுக்கோங்க.

வீட்டுக்காரர்களும் இந்தக் கணக்கில் உண்டு. அம்மா கொடியில் காயப்போட்ட புடவைகள் எல்லாம் நாலு மாசமாக மொட்டை மாடிக்குக் குடிபெயர்ந்தன. ஸ்கூட்டர் மழையில் நின்றது. தை பிறந்தால் கேப்டனின் அக்காவுக்கு வளைகாப்பு. பந்தல் போட வேண்டிய இடத்தில் கார் நிற்கிறது. அக்கா வந்த அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார், "என் குழந்தை முதல்ல கேட்ட சத்தமே உங்க கிரைண்டர்தான்டா. வளையல் சத்தமாச்சும் அடுத்ததா கேக்கட்டும்." சிரிப்புதான், ஆனால் தேதி தேதிதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்ஜின் ஸ்டார்ட் செய்வதில்லை என்றும், வளைகாப்புக்குப் பத்து நாள் முன்னால் கார் வெளியேறும் என்றும் அப்பா முன்னால் ஒப்பந்தம் ஆனது.

பதினொன்றாவது கிலோமீட்டர்

போட்டியில் தனி ஒரு பிரிவுக்கு அதிக மதிப்பெண் என்றால் அது எண்டூரன்ஸ். சுமார் 22 கிலோமீட்டர் ஓட வேண்டும். பாதியில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்து, டிரைவர் மாற வேண்டும். அதற்கு மூன்று நிமிடம். அப்புறம் என்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆக வேண்டும். எவ்வளவோ டீம்களின் ஒரு வருஷ உழைப்பு சத்தமில்லாமல் முடிந்துபோகிற இடம் இதுதான். கொதிக்கக் கொதிக்க நிற்கிற என்ஜினுக்குக் காற்றும் இல்லை, தண்ணீர் ஓட்டமும் இல்லை. உள்ளிருக்கும் சூடு வெளியே பரவி, குழாயில் நிற்கும் பெட்ரோலை ஆவியாக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும், பெட்ரோலுக்குப் பதில் ஆவி போகும், என்ஜின் பிடிக்காது. கை தட்டல் எல்லாம் பக்கத்து டிராக்கில் கேட்கும்.

கேப்டன் இதைப் போட்டி வரை விட்டுவைக்கவில்லை. குடோனில் பதினோரு கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, கையில் வாட்ச் வைத்து மூன்று நிமிடம் எண்ணி, பட்டனை அமுக்கினான். ஐந்து தடவை செய்ததில் ஒரே ஒரு தடவைதான் பிடித்தது. எல்லோருக்கும் முகம் செத்துப்போச்சு. அவன் மட்டும் நோட்டைத் திறந்து எழுதினான். பெட்ரோல் குழாய் சைலன்ஸருக்குப் பக்கத்தில் போகிறது, எதிர்ப்பக்கம் மாற்று. சூடு தாங்கும் உறை போடு. பேட்டரி வயரைத் தடிமனாக்கு.

அடுத்த வாரம் அஞ்சுக்கு மூணு. அதற்கடுத்த வாரம் அஞ்சுக்கு நாலு. நான் கை தட்டினேன். அவன் தட்டவில்லை. "அந்த அஞ்சாவது, அங்க வந்து நின்னா?"

இப்போது அந்தப் பதினோரு நாளுக்கு வருகிறேன். ஐப்பசியில் சேஸிஸை அறுத்தபோது அது பெரிய நஷ்டம் மாதிரி இருந்தது. அதே கோணலை பட்டி வைத்து மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறைந்து போயிருக்காது. மார்கழியில் டயர் ஒரு பக்கம் தேய்வதாக வந்திருக்கும். போட்டி அன்றைக்கு வளைவில் வழுக்குவதாக வந்திருக்கும். அன்றைக்கு அறுக்கக் கிரைண்டரும் இருக்காது, பதினோரு நாளும் இருக்காது. பின்னடைவு வருமா வராதா என்பது நம்ம கையில் இல்லை பாஸ். எப்போ வரணும் என்பதுதான் கொஞ்சமாவது நம்ம கையில் இருக்கு. சீக்கிரம் வந்தால் அதற்குப் பெயர் வேலை. லேட்டாக வந்தால் அதற்குப் பெயர் தோல்வி.

நீங்களும் வீட்டில் ஏதாவது கட்டுகிறீர்களா? போர்ட்டிகோ டீம் சொல்லச் சொன்ன சில விஷயங்கள்:

அளப்பதற்கு முன்னால் தரையை அளங்கள்.

பெயின்ட் கடைசி. பிரேக் முடியும் வரை பிரஷ்ஷைத் தொடாதீர்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். கிரைண்டர் பிடித்தால் கண்ணாடி கட்டாயம். பெட்ரோல் டப்பா திறக்கும் முன் தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நாலு சக்கரத்தில் நிற்கிற அரைகுறைக் கார், கம்ப்யூட்டரில் நிற்கிற முழுக் காரை விட அதிகம் சொல்லித் தரும். சீக்கிரம் உருட்டிப் பாருங்கள்.

வீட்டில் கொடுத்த தேதியைக் காப்பாற்றுங்கள். போர்ட்டிகோ மறுபடி தேவைப்படும்.

'கார் என்ன ஆச்சு, அதைச் சொல்லு' என்கிறீர்களா? ஒப்பந்தப்படி போன ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிகோவை விட்டு வெளியேறிவிட்டது. தரையில் ஆயில் கறையும் நாலு டைல்ஸ் துண்டும் மிச்சம். பந்தலுக்குக் கால் நட்டாச்சு. போட்டி இன்னும் நடக்கவில்லை. நோட்டில் இதுவரை 41 பிரச்னை எழுதியிருக்கிறான். டீம் ரூல் ஒன்றுதான்: புதுப் பிரச்னை வரலாம், தப்பில்லை. பழைய பிரச்னை இரண்டாவது தடவை வந்தால், அன்றைக்கு எல்லோருக்கும் டீ சம்பந்தப்பட்டவர் செலவு.

கார் கட்டாதவர்களுக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். உங்க ஃபைனல் இயர் பிராஜெக்ட் ஒன்று ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டிக்குள் தூங்குது இல்லையா? ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரிதான் அதை முதல் தடவையாக ஆன் செய்யப்போகிறீர்கள் என்று எனக்கும் தெரியும், உங்க கைடுக்கும் தெரியும். வேண்டாம். இந்த வாரமே ஆன் செய்யுங்கள்.

புகை வரணும்னா இப்பவே வரட்டும்!